செல்லுஞ்செலவையும் சொல்லுங்கள் ஐயா

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், ஞானஸ்நான ஆயத்த வகுப்பு எடுக்கிறவர்களுக்கும்,

ஸ்தோத்திரம். நான் மேடையேறிப் பேசுகிறவன் அல்ல. கணக்கெழுதிப் பிழைக்கிறவன். ஆராதனையில் பின்வரிசையில் உட்காருகிறவன். இந்த மடலைக் கோபத்தில் எழுதவில்லை. வருத்தம் கொஞ்சம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

போன மாதம் எங்கள் சபையில் பதினொரு பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். தண்ணீரிலிருந்து ஏறிவந்த ஒரு பையன், தலையிலிருந்து சொட்டச் சொட்ட, தோளில் துண்டோடு என் பக்கத்தில் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, இனிமே எல்லாம் நல்லபடியா நடக்கும்ல?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. "தலையைத் துவட்டுப்பா, சளி பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்றைக்கு அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

பிறகொரு நாள் அவனுடைய வகுப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. மனந்திரும்புதல், விசுவாசம், இரட்சிப்பின் நிச்சயம், முழுக்கு ஞானஸ்நானத்துக்கு வேத ஆதாரம், எல்லாம் வரிசையாக இருந்தது. செலவு என்று வந்த ஒரே பாடம் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது. அதற்கு மட்டும் நான்கு பக்கம்.

கர்த்தர் பாடம் எடுத்த விதம் வேறு. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் அநேக ஜனங்கள் அவரோடுகூட நடந்துபோகிறார்கள். நாமாக இருந்தால் கூடுதலாக நாற்காலி போட ஆள் அனுப்பியிருப்போம். அவரோ "திரும்பிப்பார்த்து" பேசுகிறார். பேசியது என்ன? கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்பு "உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப்பாராமலிருப்பானோ?" என்று கேட்கிறார். கணக்கெழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, அந்த "உட்கார்ந்து" என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நின்றபடி, பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, கண்ணை மூடி, கையைத் தூக்கி எடுக்கிற முடிவு இல்லை அது. உட்கார வேண்டும், ஒரு தாள் வேண்டும், வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுத வேண்டும். நம்முடைய அழைப்பு நேரத்தில் உட்காரவே விடுவதில்லையே நாம்!

ஆஸ்தியுள்ள அந்த வாலிபனையும் நினைத்துப் பாருங்கள். மாற்கு 10இல் இயேசு அவனைப் பார்த்து "அவனிடத்தில் அன்புகூர்ந்து" விலையைச் சொன்னார் என்று இருக்கிறது: உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு. அன்பு முதலில், விலை அடுத்து. அவன் துக்கத்தோடே போய்விட்டான். இவர் பின்னால் ஓடவில்லை. "சரி தம்பி, பாதியைக் கொடு போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுபடி கொடுக்கவில்லை. அவனை நேசித்ததால்தான் விலையைக் குறைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் ஆட்கள் போய்விடுவார்களே என்ற பயத்தில் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பொருளை நீட்டுகிறோம்.

இப்போது என் கதை. பெரிய கதை இல்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, சிறையில் போடவில்லை.

நான் வேலை பார்த்த நிறுவனம் வங்கியில் கடன் வாங்கியிருந்தது. குடோனில் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வங்கி பணம் எடுக்க விடும். அதனால் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அனுப்ப வேண்டும். சரக்கு குறைந்த மாதங்களில் முதலாளி, "கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கோங்க, அடுத்த மாசம் வந்துடும்" என்பார். கூட்டிப் போட்டேன். ஒரு மாதம் இல்லை, இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை பிடித்த அதே கை திங்கட்கிழமை அந்த எண்ணையும் எழுதியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் ஆரம்பத்திலிருந்தே வீரர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். நான் அப்படி இல்லை.

தரிசனமும் காணவில்லை. ஒரு நாள் இரவு குடும்ப ஜெபத்தில் மகள் நீதிமொழிகள் 11 வாசித்தாள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." வாசித்துவிட்டு நிமிர்ந்து, "சுமுத்திரையான நிறைகல்னா என்னப்பா?" என்றாள். விளக்கத் தொடங்கினேன். எடைக்கல்லில் என்ன போட்டிருக்கிறதோ அதே எடை உள்ளேயும் இருக்கணும், வெளியே ஒன்று உள்ளே ஒன்று இருக்கக் கூடாது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மாதக் கடைசியில் குடோனுக்குப் போய், நானே எண்ணி, எண்ணினதை எழுதினேன்.

முதலாளி கத்தவில்லை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க மனசாட்சிக்கு நான் சம்பளம் குடுக்கல" என்றார். மூன்று வாரத்தில், நான் தொழில் சொல்லிக்கொடுத்த பையனிடமே சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி இரண்டு வாக்கியம் சொன்னாள். "நீங்க செஞ்சது சரிதான். பாப்பா ஃபீஸை எதுல கட்டுறது?" இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. ஒன்று மற்றொன்றை அடிக்கவும் இல்லை. விசுவாசத்துக்கு விலை கொடுப்பது என்பதை இதைவிடச் சரியாகச் சொன்ன பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

மகள் கீபோர்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன் அவளே, "எனக்கு அது போரடிச்சிருச்சுப்பா" என்று நின்றுவிட்டாள். கீபோர்டு பெட்ஷீட் சுற்றி அலமாரி மேலே போனது. அதற்குப் பிறகும் சாப்பிட உட்காரும்போது அவள் விரல்கள் மேஜை விளிம்பில் ஓடும். நான் பார்ப்பது தெரிந்தால் கையை மடியில் வைத்துக்கொள்வாள். நான் உண்மையை எழுதினேன் என்பதற்காக என் வீட்டில் ஒரு பிள்ளை பொய் சொல்ல வேண்டி வந்தது. இந்தச் செலவு எந்தக் கணக்கில் வரும், சொல்லுங்கள்.

பதினொரு மாதம் நிரந்தர வேலை இல்லை. புதிய இடத்தில் நேர்காணல் முடிந்ததும் பழைய இடத்துக்கு ஃபோன் போகும். அத்தோடு முடிந்துவிடும். கடைசியில் ஒரு வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைக்கும் பழைய சம்பளத்தை எட்டவில்லை.

வேலை கிடைத்ததும் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு போனேன். கூட்டத்துக்கு முன் ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னார்: "பிரதர், இந்தச் சம்பள விஷயமும் பாப்பா விஷயமும் வேண்டாமே. முடிவு ஜெயமா இருக்கட்டும்." நானும் வெட்டிவிட்டேன். மேடையில் "கர்த்தர் எனக்கு வேறொரு வாசலைத் திறந்தார்" என்று முடித்தேன், அல்லேலூயா சொன்னார்கள். ஸ்டாக் ஸ்டேட்மென்டில் கூட்டிப் போட மாட்டேன் என்று வேலையை விட்டவன், சாட்சியில் கூட்டிப் போட்டேன். சிரிப்பு வருகிறது, இல்லையா?

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லூக்கா 19இல் வருகிற சகேயு, வரி வசூலிக்கும் ஆயக்காரர்களுக்குத் தலைவன், இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது திருப்பிக் கொடுத்தான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதில் நாலத்தனையாகத் திருப்பி. நாம் இதை ஞாயிறு பள்ளிப் பாட்டாக, மரத்தில் ஏறிய குள்ள மனிதனாகப் பாடிவிட்டுப் போய்விடுகிறோம். நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தச் சொத்து நூறு என்றால், ஐம்பது ஏழைகளுக்குப் போய்விட்டது. மீதி ஐம்பதில் நாலு மடங்கு கொடுக்க வேண்டும். ஏமாற்றிச் சம்பாதித்தது பன்னிரண்டரையைத் தாண்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆயக்காரர் தலைவன் ஒருவனுக்குப் பன்னிரண்டரைதானா தேறியிருக்கும்? அன்று அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று கர்த்தர் சொன்னார். வீட்டில் மற்றவர்கள் இருந்திருந்தால் அந்த மாலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று லூக்கா எழுதவில்லை. நானோ வேலையை விட்டதோடு நின்றுவிட்டேன். அந்த இரண்டு வருடத்துப் பொய்த் தாள்களைப் பற்றி வங்கிக்கு நான் இதுவரை வாய் திறக்கவில்லை. அந்தச் செலவு இன்னும் பாக்கி நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெட்டி ஒட்டிச் சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம் மட்டுமல்ல. நீங்கள் எல்லாரும் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. எரிக் லிடல் என்ற ஸ்காட்லாந்து ஓட்டக்காரரின் கதை. 1924 பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது, அது கர்த்தருடைய நாள் என்று அவர் ஓடவில்லை. பிறகு 400 மீட்டர் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வென்றார். பிரசங்கம் அங்கே முடிந்துவிடும். "பார்த்தீர்களா, கர்த்தரைக் கனம்பண்ணினார், கர்த்தர் அவரைக் கனம்பண்ணினார்."

பதக்கத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை? அடுத்த வருடமே, 1925இல், ஓட்டத்தின் உச்சத்தில் இருந்தபோது அவர் சீனாவுக்கு மிஷனெரியாகப் போனார். 1941இல் நிலைமை மோசமானதும் கர்ப்பமாயிருந்த மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். 1943இல் ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் என்ற இடத்தில் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். 1945 பிப்ரவரி 21ஆம் தேதி, மூளையில் கட்டி வந்து, முகாமிலேயே இறந்தார். வயது 43. போர் முடிய இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. கனடாவில் பிறந்த மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை விட்டதற்கு ஐந்தே நாளில் தங்கம் கிடைத்தது என்பது சின்னக் கதை. அந்தக் கதையை மட்டும் கேட்டு வளர்ந்தவன் வேலை போன பதினொன்றாவது மாதத்தில், "நான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன் போல, அதான் கர்த்தர் இன்னும் கொடுக்கல" என்றுதான் நினைப்பான். நான் நினைத்தேன். அந்த நினைப்பு பசியைவிட மோசமானது. முகாமில் இறந்த லிடலைச் சொல்லியிருந்தால் எனக்கு அது துணையாக இருந்திருக்கும்.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும். இவர் கத்தோலிக்கர், ஆஸ்திரியாவைச் சேர்ந்த விவசாயி, பெயர் ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஊர்க் கோயிலில் ஆலயப் பணி செய்துகொண்டிருந்தவர். ஹிட்லரின் படையில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்தார். 1943 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டார். வயது 36. மனைவி ஃப்ரான்சிஸ்கா, சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் மூன்று பேர்.

உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர் எடுத்த எடுப்பில் மறுக்கவில்லை. குருக்களிடம் கேட்டார், ஆயரிடமே நேரில் போய்க் கேட்டார். குடும்பத்தை நினைத்துப் பார், யுத்தம் நியாயமா அநியாயமா என்பது அதிகாரிகள் பொறுப்பு என்கிற விதத்தில்தான் பதில் கிடைத்தது. விசுவாசி விலை கொடுக்கத் தயாராக வந்து நிற்கிறான், மேய்ப்பர் விலையைக் குறைத்துச் சொல்கிறார்! குறை சொல்வது எளிது. அந்த ஆயர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால், மூன்று குழந்தைகளின் தகப்பனிடம் "போய்ச் சாவு" என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். ஆனால் "நீ போனால் உன் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

அதைச் சொல்ல ஆள் இல்லாததால் மிச்ச விலையை ஃப்ரான்சிஸ்கா கொடுத்தார். ஊரில் பலர், இந்தப் பெண்ணின் பக்திதான் அவரைக் கெடுத்தது என்று பேசினார்கள். போரில் கணவனை இழந்த பெண்களுக்குக் கிடைத்த உதவித்தொகை இவருக்கு ஆண்டுக்கணக்கில் மறுக்கப்பட்டது. பண்ணையையும் பிள்ளைகளையும் அவரே பார்த்துக்கொண்டார். 2007இல் லின்ஸ் நகரில் கணவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது அங்கே இருந்தார். வயது 94. நூறு வயது வரை வாழ்ந்து 2013இல் இறந்தார். கணவர் விலை கொடுத்தது சில மாதம். இவர் கொடுத்தது எழுபது வருடம். பட்டம் அவருக்கு.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விசுவாசத்துக்கு விலை கொடுக்கிறவன் தன் கையிலிருப்பதை மட்டும் கொடுப்பதில்லை. மனைவி பையிலிருந்தும் பிள்ளை பையிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறான், பெரும்பாலும் அவர்களைக் கேட்காமலே. மேடையில் கைதட்டு வாங்குகிறவன் ஒருவன், தவணை கட்டுகிறவர்கள் வேறு.

அப்படியானால் கர்த்தருடைய வாக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தமக்காக விட்டுவந்தவர்களுக்கு நூறத்தனையாக, அதாவது நூறு மடங்காகக் கிடைக்கும் என்றாரே? அந்த வசனத்தை எடுத்து மெதுவாக வாசியுங்கள். மாற்கு 10:30. "இப்பொழுது இம்மையிலே, துன்பங்களோடேகூட நூறத்தனையாக" என்று இருக்கிறது. "துன்பங்களோடேகூட" என்ற ஒரு சொல் எத்தனை பிரசங்கங்களில் தொண்டைக்குள்ளேயே கரைந்துபோயிருக்கிறது! சரி, அதை விடுங்கள். எதை நூறத்தனையாகத் தருகிறார் என்று பாருங்கள். வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள், நிலங்கள்.

நூறு தாய்கள் எப்படிக் கிடைப்பார்கள்? வானத்திலிருந்து விழுவார்களா? ஒரு வீட்டை விட்டு வந்தவனுக்கு நூறு வீடு எங்கிருந்து வரும்? பல வருடம் எனக்கு விளங்காத வசனம் அது. வேலையில்லாமல் இருந்தபோதுதான் விளங்கியது. அந்த நூறு வீடு நம்முடைய வீடுகள், ஐயா. சபை உறுப்பினர் பதிவேட்டில் இருக்கும் முகவரிகள். கர்த்தர் ஒரு காசோலை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை மாற்ற வேண்டிய வங்கி சபை. விசுவாசி அதை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்போது "உங்களுக்காக ஜெபிக்கிறோம் பிரதர்" என்று சொல்லி அனுப்பினால், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் செக் பவுன்ஸ்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் சிப்ரியான் என்ற ஆயர் இருந்தார். வேறொரு சபையின் ஆயர் ஒருவர் அவருக்கு எழுதிக் கேட்டார்: எங்களிடம் ஒரு நடிகன் இருக்கிறான், கிறிஸ்தவன் ஆனபின் மேடையை விட்டுவிட்டான், ஆனால் மற்றவர்களுக்கு அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறான், அவனைச் சபையில் வைத்துக்கொள்ளலாமா? அன்றைய நாடக மேடை புறமதப் பண்டிகைகளோடும் ஆபாசத்தோடும் பின்னிக் கிடந்தது. அதனால் சிப்ரியான் கூடாது என்றார், பட்டென்று. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நம்மில் பலரைப் போல அவரும் ஒருவர். அவர் நிறுத்தவில்லை. பிழைக்க வழியில்லை என்று அவன் சொன்னால், சபை ஆதரிக்கிற ஏழைகளோடு சேர்த்து அவனையும் ஆதரியுங்கள், எளிமையான சாப்பாட்டோடு அவன் திருப்திப்படட்டும் என்று எழுதினார். இன்னும் ஒரு படி மேலே போனார். உங்கள் சபைக்கு அந்த வசதி இல்லையென்றால் எங்களிடம் அனுப்பிவிடுங்கள், உணவும் உடையும் நாங்கள் கொடுக்கிறோம் என்றார்.

ஒரே கடிதத்தில் "தொழிலை விடு" என்பதும் இருக்கிறது, "சாப்பாடு எங்கள் பொறுப்பு" என்பதும் இருக்கிறது. முதல் பாதியைச் சொல்லும் தைரியம் இரண்டாவது பாதியிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். விலையைக் குறைக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை, ஏனென்றால் அதில் ஒரு பங்கைக் கட்ட அவர் கையைப் பைக்குள் விட்டிருந்தார். அவரும் 258இல் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கு மட்டும் விலை சொன்னவர் அல்ல.

எனக்கும் ஒரு சிப்ரியான் கிடைத்தார். ஆயர் இல்லை, தையல்காரர். எங்கள் சபையில்தான் இருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்றார். வேலை போன இரண்டாவது மாதம் வீட்டுக்கு வந்தார். "எனக்கு இந்தக் கணக்கு வழக்கே பிடிபட மாட்டேங்குது தம்பி, வாரத்துல ஒரு நாள் வந்து எழுதிக் குடுங்க" என்றார். போனேன். எழுதினேன். சம்பளம் என்று ஒரு தொகை கொடுத்தார். தனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேரிடமும் சொல்லி அனுப்பினார். வீட்டில் அரிசி வாங்கியது அந்தப் பணத்தில்தான். ஒரு நாள் நூல்கண்டு எடுக்க அவருடைய மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே வருடம் போட்டு அட்டை போட்ட நோட்டுகள் அடுக்கியிருந்தன. இருபது வருடக் கணக்கு. ஒரு காசு பிசகாமல், என்னைவிடச் சுத்தமாக, தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். இழுப்பறையை மூடிவிட்டு, நூல்கண்டு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

இவ்வளவு சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. "விலை கொடுக்கணும்" என்று நான் எழுதுவதை எடுத்து வேறு ஆட்கள் மேல் போட்டுவிடுவீர்களோ என்று. புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டு ஆலோசனைக்கு வருகிற பெண்ணிடம் "அது உன் சிலுவைம்மா, சுமந்துக்கோ" என்று சொல்லி அனுப்புவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அது சிலுவை அல்ல. "தன் சிலுவையை எடுத்துக்கொண்டு" என்றுதான் கர்த்தர் சொன்னார். எடுத்துக்கொள்வது வேறு, ஏற்றிவிடுவது வேறு. சிரேனே ஊரானாகிய சீமோன் மேல் இயேசுவின் சிலுவையைப் பலவந்தமாக ஏற்றியவர்கள் போர்ச்சேவகர்கள். அந்த வேலை சபைக்கு வேண்டாம். அப்படி ஒரு பெண் வந்தால் அவளுக்குத் தேவை அந்த நூறு வீடுகளில் ஒன்று, அன்றைக்கு ராத்திரியே.

அதேபோல நாமாகத் தேடிக்கொள்கிற அடியும் சிலுவைக் கணக்கில் வராது. அலுவலக நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரிடம் வாதம் பண்ணி, மெமோ வாங்கி, "கிறிஸ்துவுக்காகப் பாடுபடுகிறேன்" என்று ஜெபக்குறிப்பு கொடுக்கிறவர்கள் உண்டு. பேதுரு தன் முதல் நிருபத்தில் இப்படிப் பாடுபடக் கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறார். கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன், அதற்கு அடுத்து "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்". கொலைகாரனோடு ஒரே வரிசையில்! அந்த வசனத்தை ஆயத்த வகுப்பில் சேர்த்தால் பாதிப் பஞ்சாயத்து குறையும்.

இனி நான் கேட்க வந்தது. வகுப்பில் தசமபாகத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறீர்கள், ஒதுக்குங்கள். செல்லுஞ்செலவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆதி நூற்றாண்டுகளின் சபையில் ஞானஸ்நானத்துக்கு வருகிறவன் என்ன தொழில் செய்கிறான் என்று முதலிலேயே விசாரித்தார்கள், அதைத் தொடரலாமா கூடாதா என்று பேசினார்கள். கற்றுக்கொள்ளும் காலமே மூன்று வருடம் என்று வைத்திருந்த சபைகள் இருந்தன. நமக்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாளாவது, "தம்பி, நீ என்ன வேலை பார்க்கிறாய்? அதில் எங்கே பொய் சொல்ல வேண்டியிருக்கும்? சொல்ல மறுத்தால் வீட்டில் யாருக்கு முதலில் அடி விழும்? அவர்களிடம் பேசிவிட்டாயா?" என்று கேளுங்கள். திருமணமானவர் என்றால் துணையையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். துணைக்கு விசுவாசம் இல்லையென்றாலும் கேளுங்கள், அவருக்குத்தான் அதிகம் தெரிய வேண்டும். சிலர் துக்கத்தோடே போய்விடுவார்கள். போகட்டும். அந்த வாலிபன் போனபோது கர்த்தர் கூட்டத்தின் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.

அப்புறம், கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கட்டட நிதிக்குப் பெட்டி இருக்கிறது, மிஷனெரி நிதிக்குப் பெட்டி இருக்கிறது. மனசாட்சிக்காக வேலையை இழந்தவனுக்கு, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளுக்கு எந்தப் பெட்டி? பணம் இல்லையென்றால் பரவாயில்லை. சும்மா கொடுக்கிற பணத்தைவிட அந்தத் தையல்காரர் கொடுத்த மாதிரி வேலையாகக் கொடுப்பது மேல், கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் தலை குனியாது. அப்படி ஒருவர் வந்தால் யார் வேலை கொடுப்பார்கள், யார் வீட்டில் தங்கவைப்பார்கள், யார் பிள்ளையின் ஃபீஸைப் பார்ப்பார்கள் என்று மூப்பர்கள் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். உட்கார்ந்து எழுதுங்கள். கோபுரம் கட்டுகிறவனுக்குச் சொன்னது கோபுரத்தைத் தாங்குகிற சபைக்கும்தான்.

வருத்தப்படுகிறாயா என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. அந்தத் தாளில் சரியான எண்ணை எழுதியதற்காக ஒருநாளும் இல்லை. அன்றிரவு தூங்கினேன், இரண்டு வருடத்துக்குப் பிறகு. கீபோர்டு அலமாரி மேலே இருப்பதைப் பார்க்கும்போது வலிக்கிறது, அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டுதான் வாழ்கிறேன்.

அடுத்த ஆயத்த வகுப்பு வரும் ஞாயிறு தொடங்குகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஈரத்தலைப் பையனையும் வரச் சொல்லுங்கள், அவனுக்கு ஒரு பதில் கடன் இருக்கிறது. இந்த முறை சம்பள விஷயத்தைச் சொல்வேன், பாப்பா விஷயத்தைச் சொல்வேன், வங்கி விஷயத்தையும் சொல்வேன். எழுதியதை முன்கூட்டி யாரும் வாங்கிப் படிக்க வேண்டாம்.

இந்த மடலை எழுதி முடித்ததும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "நானும் வர்றேன். உங்க பாதியை நீங்க சொல்லுங்க, என் பாதியை நான் சொல்றேன்" என்றாள். அது என்ன பாதி என்று கேட்டேன். வகுப்பில் சொல்கிறேன் என்றுவிட்டாள்.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரும் ஒரு கணக்கெழுதுகிறவன்